புத்தகம் என்னை மாற்றியதா, நானே மாறினேனா?

கேள்வி: என் வயது 32. பக்தியான குடும்பத்தில் வளர்ந்தவள். மூன்று வருடங்களாக அரசியல், மதம் பற்றி நிறையப் படிக்கிறேன். பல விஷயங்களில் என் கருத்து தலைகீழாகிவிட்டது. "கண்டதையும் படிச்சு மூளையைக் கெடுத்துக்கிட்டே" என்கிறார் அப்பா. "எதிர்த்தரப்புப் புத்தகத்தையும் படி, தன்னால சரியாயிடும்" என்றான் அண்ணன். படித்தேன். கோபம்தான் வந்தது, முன்பைவிட இன்னும் உறுதியாகிவிட்டேன். நான் யோசித்துத்தான் மாறினேனா, இல்லை புத்தகங்கள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டையாகிறது.

பதில்: எதிர்த்தரப்பைப் படித்ததும் இன்னும் உறுதியாகிவிட்டேன் என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். அதை உங்கள் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1979இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 48 மாணவர்கள், பாதிப் பேர் மரண தண்டனை வேண்டும் என்பவர்கள், பாதிப் பேர் கூடாது என்பவர்கள். எல்லோரும் ஒரே இரண்டு ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தார்கள். மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது ஒன்று. குறைக்கவில்லை என்றது மற்றது. இரு தரப்பையும் படித்தபின் இரு அணிகளும் நடுவே வந்து சேரும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. தன் பக்கம் பேசிய ஆய்வை ஒவ்வொருவரும் "நன்றாகச் செய்திருக்கிறார்கள்" என்றார்கள். மறுபக்க ஆய்வில் வரிசையாக ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். முடிவில் இரு அணியினரும் முன்பைவிடத் தங்கள் நிலைப்பாட்டில் உறுதியாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

பிடிக்காததைப் படிக்கும்போது நாம் வழக்கறிஞராகிவிடுகிறோம், பிடித்ததைப் படிக்கும்போது வெறும் ரசிகர். "நடுநிலையாகப் படி" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது இதற்கு மருந்தாகாது. அதே ஆய்வாளர்கள் இருவர் இன்னொருவரோடு சேர்ந்து 1984இல் அதையும் சோதித்துவிட்டார்கள். ஒரு குழுவிடம், நீதிபதியைப்போல் பாரபட்சமின்றிப் படிக்கச் சொன்னார்கள், பலனில்லை. இன்னொரு குழுவிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தார்கள்: "இதே ஆய்வு, இதே முறையில் நடந்து, முடிவு மட்டும் நேர்மாறாக வந்திருந்தால் இதை இப்படித்தான் மதிப்பிடுவாயா?" இது வேலை செய்தது.

ஆகவே நீங்கள் பழக வேண்டிய முதல் வேலை இந்தத் திருப்பிப் பார்க்கும் கேள்விதான். உதாரணத்துக்கு, மதநம்பிக்கை உள்ளவர்கள் அதிகம் தானம் செய்கிறார்கள் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. உடனே உங்கள் மனம், "அவர்களே சொல்லிக்கொண்டதுதானே, யார் கணக்குப் பார்த்தது?" என்று கேட்கும். நல்ல கேள்வி. நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள் என்று அதே முறையில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்றால், நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பக்கங்களுக்குத் திரும்பிப்போய் அங்கேயும் அதைக் கேட்க வேண்டும். புத்தகங்களில் நீங்கள் அடிக்கோடிட்ட இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சரியக்குறி போட்ட இடங்கள் இன்னும் நல்லது. பத்து இடங்களில் இதைச் செய்தால் உங்கள் பழக்கம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அண்ணன் சொன்னது பாதி சரி. கண்ணில் பட்ட எதிர்த்தரப்பையெல்லாம் படிப்பது உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பெய்ல் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டர் பயன்படுத்துபவர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்க்கட்சிக் கருத்துகளை மறுபதிவிடும் ஒரு கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். நாளுக்கு 24 பதிவுகள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிடத் தெளிவாகப் பழமைவாதத்தின் பக்கம் சாய்ந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் மறுதிசையில் சிறு அசைவு இருந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. துண்டு துண்டாக, தன் ஆட்களின் கைதட்டலுக்காக எழுதப்பட்டதைப் படித்தால் வேறென்ன நடக்கும்?

எதிர்த்தரப்புப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை உண்டு. உங்கள் தரப்பு எழுத்தாளர்கள் கிண்டலடிக்க மேற்கோள் காட்டும் புத்தகத்தை எடுக்காதீர்கள். அவர்கள் தோற்கடிக்க எளிதானதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அந்தத் தரப்பை வாழ்ந்து காட்டும் ஒருவரிடம் போய், "உங்க பக்கத்தை ஒரே ஒரு புத்தகத்தை வெச்சு எடைபோடணும்னா எதைக் கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். முதல் வாசிப்பில் கையில் பேனா வேண்டாம். பேனா இருந்தால் மறுப்பு எழுதத் தொடங்கிவிடுவீர்கள், எழுதத் தொடங்கினால் படிப்பது நின்றுவிடும். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அரைப் பக்கத்தில் அதன் வாதத்தை எழுதுங்கள். அதைப் படித்துப் பார்த்துப் புத்தகம் கொடுத்தவர், "ஆமா, நாங்க சொல்றது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முகம் சுளித்தால் நீங்கள் இன்னும் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று பொருள். மறுப்பு எழுதுவது அதற்குப் பிறகு. அளவு? உங்களுக்குப் பிடித்த மூன்று புத்தகத்துக்கு இப்படி ஒன்று போதும் என்பேன். இது சோதனையில் வந்த கணக்கல்ல, சோர்ந்துபோகாமல் தொடர முடிகிற அளவு.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். புத்தகம் வெறும் தரையில் கட்டடம் எழுப்புவது அபூர்வம். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் டர்பன் ரயில் ஏறிய காந்தியிடம் நண்பர் ஹென்றி போலக் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ஜான் ரஸ்கின் எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்'. இருபத்துநாலு மணி நேரப் பயணம். கீழே வைக்க முடியவில்லை, அன்றிரவு தூக்கமும் வரவில்லை, அதன்படி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தேன் என்று சுயசரிதையில் எழுதுகிறார். டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதிலிருந்து பிறந்தது. ஒரு புத்தகம் ஒரு மனிதரை ஒரே இரவில் மாற்றியதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில் காந்தி இன்னொன்றும் சொல்கிறார்: தன்னுடைய ஆழ்ந்த நம்பிக்கைகள் சிலவற்றின் பிரதிபலிப்பையே அந்தப் புத்தகத்தில் கண்டதாக. அதோடு நிற்கவில்லை, கணக்கும் கொடுக்கிறார். புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டவை மூன்று. தனிமனிதரின் நன்மை எல்லோரின் நன்மையில் அடங்கியிருக்கிறது, இது தெரிந்ததுதான். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே. இது மங்கலாகத் தெரிந்திருந்தது. உழைத்து வாழும் வாழ்க்கையே, அதாவது உழவரும் கைவினைஞரும் வாழும் வாழ்க்கையே வாழத் தகுந்தது. இது ஒருபோதும் தோன்றியதில்லை.

தெரிந்தது, மங்கலாகத் தெரிந்தது, புதியது. தன் மனமாற்றத்தை இவ்வளவு நேர்மையாகப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. நீங்களும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை முதல் இரண்டில்தான் விழும். சிறுவயதிலேயே உறுத்திய ஒன்றுக்குப் புத்தகம் சொற்களைக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான். அங்கே அப்பாவின் குற்றச்சாட்டு செல்லாது. ஆனால் உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே நம்ப விரும்பியதைத்தான் புத்தகம் உறுதிசெய்தது என்றால், ஆதாரத்தைச் சரிபார்க்கும் ஆர்வம் அங்கேதான் உங்களுக்கு மிகக் குறைவாக இருந்திருக்கும்.

படிப்பவர் புத்தகத்தை வளைக்கும் கதை இன்னும் சுவையானது. பதினாறாம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் டொமெனிகோ ஸ்கந்தெல்லா என்றொரு மாவு ஆலைக்காரர் இருந்தார். மெனோக்கியோ என்று அழைப்பார்கள். 1584இல் மதவிசாரணை மன்றத்தில் நிறுத்தப்பட்டவர், பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல் உலகம் திரண்டது, அதில் தோன்றிய புழுக்களே தேவதூதர்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார். அவர் படித்திருந்தது சுமார் பன்னிரண்டு புத்தகங்கள். வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் அவற்றைத் தேடியெடுத்து வாக்குமூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, புத்தகம் சொன்னது ஒன்று, மெனோக்கியோ அதிலிருந்து எடுத்தது வேறொன்று என்று தெரிந்தது. ஏதோ ஒரு பக்கத்தில் ஓரமாகக் கிடக்கும் வரியைப் பிடித்துக்கொள்வார், மீதியை விட்டுவிடுவார், கிராமத்தில் வாய்வழியாகக் கேட்டதோடு அதைச் சேர்த்துப் பிசைவார். 1599இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். "கண்டதையும் படிச்சு" என்று அப்பா புத்தகத்தின்மீது பழிபோடும்போது, படிக்கிற ஆளின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை மறந்துவிடுகிறார்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு நோட்டில் கடந்த மூன்று வருடங்களில் மாறிய கருத்துகளில் பத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு கட்டம்: தெரிந்ததா மங்கலா புதியதா; முதன்முதலில் எங்கே படித்தேன்; அந்தப் புத்தகம் யார் மூலம் கைக்கு வந்தது; இப்போது எவ்வளவு நிச்சயம், 0 முதல் 100 வரை. முதல் முறை நிரப்பும்போது எதையும் தேடிப் பார்க்கக் கூடாது. நினைவில் இல்லாத கட்டம் காலியாகவே இருக்கட்டும், அந்தக் காலியும் ஒரு தகவல். ஒரு வரியில் ஒரே ஒரு கூற்று. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். "மதவாதிகள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதினால் அதைச் சரிபார்க்கவே முடியாது, அது ஒரு மனநிலை. "இன்ன நிறுவனம் இன்ன ஆண்டில் வரவு செலவுக் கணக்கை வெளியிட மறுத்தது" என்று எழுதினால் சரிபார்க்கலாம். பத்தில் பாதியை இப்படி மாற்றி எழுதவே முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

'எங்கே படித்தேன்' கட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? செய்தியும் அதைச் சொன்னவரின் பெயரும் நம் நினைவில் ஒரே வேகத்தில் மறைவதில்லை. கார்ல் ஹோவ்லாண்ட், வால்டர் வைஸ் இருவரும் 1951இல் வெளியிட்ட சோதனையில், அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்பதுபோன்ற கட்டுரைகளைக் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் என்று சிலரிடம் சொன்னார்கள், சோவியத் பத்திரிகை பிராவ்தாவில் வந்தது என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். எழுத்து ஒன்றுதான். படித்த கையோடு கேட்டபோது, நம்பகமானவர் பெயரில் படித்தவர்களிடம்தான் கருத்து அதிகம் மாறியிருந்தது. நாலு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. யார் சொன்னது என்பது உதிர்ந்துபோய், என்ன சொன்னது என்பது மட்டும் தங்கியது. இரண்டு வருடங்களுக்குப் பின் நடந்த இன்னொரு சோதனையில், சொன்னவர் யார் என்று ஞாபகப்படுத்தியதும் வித்தியாசம் திரும்ப வந்தது. உங்கள் நோட்டின் வேலை அந்த ஞாபகப்படுத்தல்தான்.

திரும்பத் திரும்பப் படிப்பதன் பலம் இதைவிட விபரீதமானது. ஒரு வாக்கியத்தை முன்பு ஒருமுறை பார்த்திருந்தாலே அது கொஞ்சம் கூடுதல் உண்மையாகத் தோன்றும் என்பது 1977இலிருந்து பலமுறை உறுதியான விஷயம். "விஷயம் தெரிந்தவர்களிடம் அது பலிக்காது" என்று நினைப்போம். 2015இல் லிசா ஃபாசியோ குழுவினர் அதையும் பார்த்தார்கள். அவர்கள் கொடுத்த பொய் வாக்கியங்களில் ஒன்று: ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் புடவை. அந்த உடையின் பெயர் கில்ட் என்று தெரிந்தவர்களுக்கும்கூட, இதுபோன்ற வாக்கியங்கள் இரண்டாம் முறை கண்ணில் பட்டபோது கொஞ்சம் அதிக உண்மையாகப் பட்டன. புடவைக்கே இந்தக் கதி என்றால், நமக்குச் சரியாகத் தெரியாத நூற்றாண்டுகளைப் பற்றிய கூற்றுகளின் கதி என்ன! ஆகவே நோட்டில் ஒரு கருத்துக்கு நிச்சயம் 90 என்று போட்டு, எங்கே படித்தேன் என்பது காலியாக இருந்தால், அந்த நிச்சயத்தில் பெரும்பங்கு பழக்கத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்து பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆதாரம் இன்னும் பார்க்கப்படவில்லை, அவ்வளவே.

'யார் மூலம்' கட்டத்தில் ஒரே பெயர் நாலைந்து முறை வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஜான் லாஃப்லேண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர்கள் 1965இல் ஒரு சிறிய மதக்குழுவில் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதியபோது, கொள்கை பிடித்துப்போய் உள்ளே வந்தவர்களைவிட, உள்ளே இருந்த யாரோடோ நெருக்கமான பிறகு கொள்கையை ஏற்றவர்களையே கண்டார்கள். உங்களுக்குப் புத்தகம் கொடுத்தவர் மேல் மரியாதை இருந்தால், புத்தகத்தின் கருத்தும் பாதி ஏற்கப்பட்ட நிலையிலேயே கைக்கு வந்து சேரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் நம்பிக்கையும் அப்படித்தான் அவருக்கு வந்திருக்கும்.

அடுத்தது, எண்ணிக்கை மயக்கம். "ஆறு புத்தகத்தில் படித்தேன்" என்பது ஆறு சாட்சி ஆகாது. ஆறும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டினால் சாட்சி ஒன்றுதான். நீங்கள் மற்றவர்களிடம் அதிகம் எடுத்துச் சொல்லும் ஒரு கூற்றை எடுத்து, அடிக்குறிப்பு வழியே பின்னால் போய்ப் பாருங்கள். அடிக்குறிப்பே இல்லாமல் இருக்கலாம். இருந்து, அது அதே வட்டத்தின் இன்னொரு புத்தகத்துக்கு அனுப்பலாம், அங்கிருந்து இன்னொன்றுக்கு. அல்லது மூலத்தைத் தொடுவீர்கள். அங்கே "சில இடங்களில் காணப்படுகிறது" என்று இருந்தது வழியில் "எங்கும் நிலவியது" என்று ஊதிப் பெரிதாகியிருக்கும். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் மூலம் உண்மையிலேயே இருக்கிறது.

புதிய புத்தகத்தைத் தொடங்கும் முன் இருபது நிமிடம் வெளியே தேடுங்கள். எழுதியவரின் துறை என்ன, பதிப்பித்தவர் யார், அதே துறையில் வேறு கருத்து உள்ளவர்கள் அதற்கு என்ன மதிப்புரை எழுதியிருக்கிறார்கள். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ நடத்திய ஆய்வில் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் இணையதளங்களை மதிப்பிட்டார்கள். பேராசிரியர்களே பல இடங்களில் அழகான தளத்தைப் பார்த்து ஏமாந்தார்கள், ஏனென்றால் அவர்கள் தளத்துக்குள்ளேயே நின்று ஊன்றிப் படித்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடித்தார்கள். ஆழ்ந்து படிப்பது நல்ல பழக்கம்தான். எதை ஆழ்ந்து படிப்பது என்று முடிவுசெய்த பிறகு.

மதம் சார்ந்த வாசிப்பில் தனியாக ஒரு குழப்பம் உண்டு. மூன்று வகைக் கூற்றுகள் ஒரே பத்தியில் கைகோத்து வரும். ஒன்று வரலாறு: இந்தப் பகுதி எப்போது எழுதப்பட்டது, யார் சேர்த்தார்கள். இன்னொன்று அறம்: இந்த விதி நியாயமா. மூன்றாவது, கடவுள் உண்டா, உயிர் உடலோடு முடிகிறதா என்பவை. முதல் வகைக்குக் கையெழுத்துச் சுவடிகளும் கல்வெட்டுகளும் பதில் தர முடியும். மூன்றாவதற்கு அவை தர முடியாது. மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த வாட்டிகன், சினாய் சுவடிகள் இரண்டிலும் இல்லை. இது உண்மை. மதத்தை மறுக்கும் புத்தகத்தில் இதை முதன்முதலாகப் படிப்பவருக்கு ஏதோ மறைத்து வைத்த ரகசியம் வெளியே வந்ததுபோல் இருக்கும். அந்த வேகத்திலேயே "ஆகவே எல்லாம் கட்டுக்கதை" என்று மூன்றாம் வகை முடிவுக்குத் தாவிவிடுவார். ஆனால் பல நவீன பைபிள் பதிப்புகள் அந்த இடத்திலேயே இதைக் குறிப்பாக அச்சிட்டிருக்கின்றன. நம்புகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டே நம்புகிறார்கள். ஆதரிக்கும் புத்தகங்களும் இதே தாவலை மறுதிசையில் செய்யும்: ஓர் ஊரின் இடிபாடு அகழாய்வில் கிடைத்தது, ஆகவே அங்கே நடந்ததாகச் சொல்லும் அற்புதமும் உண்மை. உங்கள் பத்து வரிகளுக்கும் பக்கத்தில் வ, அ, க என்று ஓர் எழுத்துப் போட்டுப் பாருங்கள். வரலாற்று ஆதாரத்தைப் படித்துவிட்டுக் கடவுள் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்ட இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அந்த மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை. அதைச் சுமந்துவந்தது ஆதாரம் அல்ல, வேறேதோ. ஏமாற்றமாக இருக்கலாம், நம்பியவர் மேல் வந்த கோபமாக இருக்கலாம்.

அரசியல் கருத்துகளுக்கு வேறு சோதனை. நீங்கள் ஆதரிக்கும் ஒரு கொள்கை எப்படி வேலை செய்யும் என்பதைப் படிப்படியாக எழுதுங்கள். ஏன் நல்லது என்று எழுதக் கூடாது. சட்டம் வருகிறது; அடுத்த நாள் யார் என்ன செய்வார், பணம் எங்கிருந்து எங்கே போகும், யார் ஏய்க்கப் பார்ப்பார், அதை யார் பிடிப்பார். நாலாவது படியில் பேனா நின்றுவிடும், பெரும்பாலும். 2013இல் ஃபிலிப் ஃபெர்ன்பாக் குழுவினர் இப்படி எழுதச் சொன்னபோது, கொள்கை தங்களுக்கு நன்றாகப் புரியும் என்ற எண்ணம் எல்லோருக்கும் குறைந்தது, கருத்தும் கொஞ்சம் மிதமானது. கருத்து மிதமாகும் விளைவு மறுபடி செய்தவர்களுக்கு எப்போதும் கிடைக்கவில்லை. ஆகவே மனம் மாறுவதற்காக இதைச் செய்யாதீர்கள். படித்ததில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கச் செய்யுங்கள், அடுத்து என்ன படிப்பது என்பது அதிலிருந்தே கிடைக்கும்.

நாவல்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவற்றையும் கணக்கில் சேருங்கள். மெலனி கிரீன், டிமதி பிராக் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வணிக வளாகத்தில் மனநலச் சிகிச்சையிலிருந்த ஒருவரால் ஒரு சிறுமி கொல்லப்படும் கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். கதையில் யார் எவ்வளவு மூழ்கினார்களோ, அவ்வளவுக்கு அவர்களது கருத்து கதையோடு ஒத்துப்போனது. மூழ்கியவர்கள் கதையில் பிழை கண்டுபிடிப்பதும் குறைந்தது. இது நடந்தது என்று சொன்னாலும் கற்பனை என்று சொன்னாலும் விளைவு ஒன்றே. ஒரு வாழ்க்கையை உள்ளிருந்து உணர நாவலைவிடச் சிறந்தது இல்லை. எத்தனை பேருக்கு அப்படி நடந்தது என்பதை நாவலிடம் கேட்காதீர்கள்.

ஏதாவது ஒரு கருத்து பொய் என்று தெரிந்து அதை விடும்போது, வெறுமனே அடித்துவிட்டால் போகாது. ஹாலின் ஜான்சன், கோலீன் சீஃபர்ட் 1994இல் காட்டியது இது: கிடங்கில் தீ, சிறு அறையில் எண்ணெய்ப் பெயின்டும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று முதலில் ஒரு செய்தி. பிறகு, "அந்த அறை காலியாகத்தான் இருந்தது" என்று திருத்தம். திருத்தத்தைப் படித்தவர்களே, கரும்புகை ஏன் வந்தது என்று கேட்டால் பெயின்ட் என்று பதில் எழுதினார்கள். தீவைப்புக்கான வேறு தடயம் கிடைத்தது என்று ஒரு மாற்றுக் காரணம் கொடுத்தபோதுதான் பெயின்டை அதிகம் கைவிட்டார்கள். ஆகவே நோட்டில் ஒரு வரியை அடித்தால், பக்கத்திலேயே "அப்படியென்றால் இது ஏன் நடந்தது?" என்பதற்கு விடை எழுதுங்கள். விடை தெரியாவிட்டால் அடுத்து தேட வேண்டியது அதுதான்.

நோட்டை ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு, பழைய எண்களைப் பார்க்காமல் நிச்சயத்தை மறுபடி போடுங்கள். எண் ஒன்றுமே மாறவில்லை என்றால் அடிக்குறிப்பு வேலையை நீங்கள் செய்யவில்லை என்று சந்தேகிப்பேன். இரண்டு மூன்று வரி இறங்கி, ஒன்றிரண்டு ஏறியிருந்தால், யோசித்து மாறுகிறவர்தான் நீங்கள். எல்லாமே சரிந்தால் அவசரப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 50 என்று எழுதி வைத்துவிட்டு இருக்கலாம். 50இல் இருப்பது பலருக்கு வேதனையாக இருக்கும், வீட்டில் சண்டை நடக்கும்போது இன்னும் அதிகமாக.

அந்தச் சண்டைக்கு வருகிறேன். ஆதாரம் காட்டினால் மனிதர்கள் இன்னும் முரண்டு பிடிப்பார்கள் என்று ஒருகாலத்தில் பரவலாகச் சொன்னார்கள். தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் 52 விஷயங்களில் தேடியும் அது அநேகமாகக் கிடைக்கவில்லை. திருத்தினால் தகவலை ஏற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தகவலை ஏற்பவர் தலைவரையோ அணியையோ விடுவதில்லை. டிரம்ப் ஆதரவாளர்களிடம் அவர் சொன்ன எண்களைத் திருத்திக் காட்டியபோது எண்ணை ஒப்புக்கொண்டார்கள், அவர்மேலிருந்த அபிமானம் அப்படியே இருந்தது. நீங்கள் அப்பாவிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு அபிமானத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள். அவருக்கு அது நம்பிக்கை பற்றிய பேச்சே அல்ல, மகள் வீட்டை விட்டு விலகுகிறாளா என்ற பயம்.

அதனால் ஒருமுறைக்கு ஒரு கூற்று மட்டும் பேசுங்கள், அதுவும் வ, அதாவது வரலாறு வகையில் ஒன்று. அண்ணனும் சேர்ந்திருக்கும்போது வேண்டாம்; மூன்றாம் ஆள் இருந்தால் இருவருமே அவருக்காகப் பேசத் தொடங்கிவிடுவீர்கள். "நீங்க சொல்றது தப்பு" என்பதற்குப் பதில், "அப்பா, இதை நீங்க முதல்ல யார்கிட்ட கேட்டீங்க?" என்று கேளுங்கள். அவருடைய நோட்டிலும் நாலு கட்டம் இருக்கிறது, அவர் எழுதிப் பார்த்ததில்லை. அவர் ஒரு பெயரைச் சொன்னால், அந்த மனிதரைப் பற்றிப் பேசவிடுங்கள், இடையே மறுப்பு வேண்டாம். பிறகு, ஒரு மாதச் சோதனைக்குப் பின்னும் 80க்கு மேல் நிற்கிற ஒரு கருத்தைச் சொல்லும் ஒரே ஒரு புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, அவர் பக்கத்திலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அரைப் பக்கச் சுருக்கத்தை எழுதி அவரிடமே திருத்தக் கொடுங்கள். அவர் அதில் நாலு இடம் சிவப்பு மையில் திருத்தினால் நல்லது, இரண்டாம் முறை எழுதிக் கொண்டுபோங்கள்.